பல் நாற்காலியில் உங்கள் சிலிண்டர்

வேகத்துக்குப் பயப்படாத என் அன்புச் சித்திக்கு,

வணக்கம். இங்கே அப்பா, அம்மா, நான், உங்கள் மோட்டார் சைக்கிளின் சிலிண்டர் ஆகிய நால்வரும் நலம். சாலை அளக்கப் போன இடத்தில் நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவின் பல் ஆஸ்பத்திரிக் கதவு மட்டும் நலமாக இல்லை. அதைப் பிறகு எழுதுகிறேன். அங்கே டவர் கிடைக்காது என்பதால் இதை உங்கள் லாரி டிரைவர் அண்ணாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நல்ல செய்தி. நீங்கள் சொன்ன வேலை முடிந்தது! சிலிண்டரை ஒழுங்காகச் சுத்தம் செய்தால் ஞாயிற்றுக்கிழமை மண்பாதைப் பந்தயத்தில் கருவிப் பெட்டியோடு உங்கள் பக்கத்தில் நிற்கப்போவது நான்தான் என்றீர்களே, அதற்காக நேற்றே ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வாசலில் வைத்துவிட்டேன்.

"நீலப் பையில போட்டு ஆஸ்பத்திரியில குடுத்திருக்கேன், போர்ட்டை மட்டும் சுத்தம் பண்ணு, அதோட உயரத்தை மாத்திடாதே" என்று நீங்கள் டவர் கிடைக்கும் இடம் தாண்டும் முன் போனில் சொன்னதும் செவ்வாய்க்கிழமை அப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். சிலிண்டர் கதவருகே தரையில் இருந்தது, பையைக் காணோம். "பையை மட்டும் எடுத்துட்டு சிலிண்டரை விட்டுட்டுப் போயிருக்கான், நல்ல திருடன்" என்றார் அப்பா. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டர் சுவரிலேயே ஜன்னல்கள் உண்டு, பெட்ரோல் கலந்த காற்று வருவதும் புகை போவதும் அவற்றின் வழியேதான், அவற்றைத்தான் போர்ட் என்கிறார்கள் என்று நான் நூலகப் புத்தகத்தில் இரண்டு முறை படித்திருந்தேன். ஆனால் உங்கள் ஜன்னல்கள் அடுப்புப் புகைபோக்கி மாதிரி இருந்தன, சித்தி. வெளியே சூடு தணிக்கும் தகடு மடிப்புகளில் ஒன்று உடைந்தும் இருந்தது. சத்தியமாக அது நாங்கள் உடைத்ததில்லை.

வெளிச்சம் நன்றாக விழும் என்பதால் அப்பா அதைப் பல் நாற்காலியில் சாய்த்து வைத்து, கழுத்தில் துண்டும் கட்டி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்து, "அடேங்கப்பா, உங்க சித்தி இத்தனை வருஷமா பல்லே தேய்க்கலையா?" என்றார், பிறகு பழக்கதோஷத்தில், "வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்றும் சொல்லிவிட்டார். நான் உள்சுவரில் கீறல் விழாமல் மரக்குச்சியால் கரியைச் சுரண்டினேன், வார்ப்பில் நின்றுபோன பிசிறுகளை அப்பா டிரில்லில் மாட்டிப் பல்லை ராவும் குட்டிக் கல்லால் உரசினார், ஜன்னல் விளிம்புகளைப் பிஸ்டன் வளையம் மாட்டாதபடி நூலளவு மழுக்கினார். அதுவரை எல்லாம் புத்தகத்தில் உள்ளபடிதான். உயரம் மாறவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று நான் சொன்னதுதான் தப்பு. புத்தகத்தில் காகிதத்தை உள்ளே சுருட்டி வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படமெடு என்று இருந்தது. அப்பாவோ, "காகிதம் எதுக்கும்மா? எங்கிட்ட அச்சு இருக்கே" என்று பல் அச்சு எடுக்கும் ஸ்ட்ராபெர்ரி வாசனைக் களிம்பைக் குழைத்து உள்ளே ஊற்றினார். அது நான்கு நிமிடத்தில் ரப்பராக இறுகியது. மனிதர்களின் வாய் நேரானது, உங்கள் ஜன்னல்களுக்குப் பின்னால் இருக்கும் பாதைகளோ வளைந்தவை! நான் இழுக்க, அப்பா இழுக்க, நர்ஸ் அக்கா எங்கள் இருவரையும் இழுக்க, அரைமணி நேரம் போனது.

அப்போதுதான் தலைமையாசிரியர் தாத்தா கடைவாய்ப் பல் வலியோடு வந்து எட்டிப் பார்த்தார். "டாக்டர், அவரு எவ்வளவு நேரமா வாயைத் திறந்துட்டு இருக்காரு?" "காலையிலேர்ந்து." "அப்ப எனக்கு வலி போயிடுச்சு" என்று கிளம்பியவர் பின்னால் கதவு படார் என்று அடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அது இப்படித்தான், காற்றடித்தால் படார், அடிக்காவிட்டாலும் படார். வாயில் டிரில்லோடு இருப்பவர்கள் நாற்காலியை விட்டு அரையடி எழும்புகிறார்கள். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

கடைசியில் அம்மாவின் பின்னல் ஊசியால் களிம்பைத் துண்டு துண்டாக எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவி வைத்திருக்கிறோம். நிலாவைப் போல மின்னுகிறது, லேசாக ஸ்ட்ராபெர்ரி மணக்கிறது. அப்பா தம் வாழ்நாளிலேயே முனகாத நோயாளி இதுதான் என்கிறார். எனக்கும் மனம் நிறைந்திருக்கிறது.

அம்மா அன்பைச் சொல்லச் சொன்னார், கூடவே "விழுந்தா வீட்டுப் பக்கம் வரவேணாம்னும் எழுது" என்றார். சனிக்கிழமை பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள் பக்கத்தில் நிற்கப்போகும்,
அக்கா மகள்

பி.கு.: ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கடிதத்தை மடிக்கும்போது நர்ஸ் அக்கா ஒரு நீலப் பையோடு வந்தார். "இது திங்கக்கிழமையிலேர்ந்து மருந்து அலமாரியில கிடக்கு, உங்க சித்தி குடுத்தது. அப்புறம் டாக்டர், கதவுக்கு முட்டுக் குடுப்போமே, அந்த இரும்பை எங்கயாவது பாத்தீங்களா?" சாப்பாடு கொண்டுவந்திருந்த அம்மா மின்னும் சிலிண்டரைத் திருப்பி, உடைந்த மடிப்பைப் பார்த்தார். "இது அவளோட பழைய வண்டியோடதுங்க. ஆறு வருஷமா தினமும் இதைத் தாண்டித்தானே உள்ள போறீங்க?" அப்பா நீலப் பைக்குள் ஒருமுறை பார்த்தார். கையுறையை மாட்டிக்கொண்டு, "அடுத்த பேஷன்ட்டை உள்ள அனுப்புங்க" என்றார். இன்று வியாழன்தான், காகிதமும் பென்சிலும் எடுத்துவிட்டேன், ஷூ வாசலிலேயே இருக்கிறது. மேலே எழுதியதில் ஒரு திருத்தம் மட்டும்: கதவு நலம்.