புதுப் பாட்டுக்கு ஒதுக்கிய நேரம்

இசையை ஆழ்ந்து ரசிக்கும் ஆற்றலை இறைவன் எல்லோருக்கும் பொதுவாக வைக்கவில்லை. வேம்பன்வயல் திருவிழாக் கமிட்டியிடம் மட்டும் மொத்தமாகக் கொடுத்துவிட்டான். திருமயம் தாண்டியதும் அவர்களுடைய ஃபிளெக்ஸ் வரவேற்கும். அதில் அம்மன் சிறிதாகவும் கமிட்டித் தலைவர் ஆத்மநாதன் பெரிதாகவும் அருள்பாலிப்பார்கள்.

அங்கே ஆண்டுதோறும் பாடுகிறவர் இலுப்பூர் பெரியகருப்பன். ‘பஸ்ஸ விட்டவ’ என்ற ஒரே பாட்டால் பேர் வாங்கியவர். கல்யாணத்துக்கு முன்னால் அவர் மனைவி பொற்கொடி பஸ்ஸைத் தவறவிட்டு ஸ்டாண்டில் முழித்துக்கொண்டு நின்றதைக் கேலி செய்து கட்டிய பாட்டு. அதன் பிறகு கச்சேரிக்குக் கச்சேரி பொற்கொடி சுடுதண்ணி பிளாஸ்கோடு மேடையோரம் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பாட்டு வந்தால் மட்டும் முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொள்வாள்.

மாசியில் அவள் இறந்துபோனாள். பெரியகருப்பன் இன்னொரு பாட்டுக் கட்டினார். இதில் பஸ் ஏறிப்போனது அவள், ஸ்டாண்டில் நிற்பது இவர். அதை அவள் உட்கார்ந்த மேடையில் ஒரு தடவையாவது முழுசாகப் பாடிவிட வேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

சித்திரைக் கச்சேரிக்குத் தலைவர் போன் செய்தார்.

“தலைவரே, இந்தத் தடவை புதுசா ஒரு பாட்டு. மாசியில நம்ம பொற்கொடி...”

“அண்ணியக் கேட்டதாச் சொல்லுங்கண்ணே. புதுசுதானே, தாராளமாப் பாடுங்க. நம்ம கமிட்டியில பழசுக்கும் புதுசுக்கும் சம மரியாதை. தீர்மானமே போட்டுருக்கோம்.”

கச்சேரியன்று தீர்மானம் எழுத்துப் பிசகாமல் ‘நிறைவேற்றப்பட்டது’. பழைய பாட்டு ஓடும்போது யாரும் மேடையேறக் கூடாது. புதுப் பாட்டு தொடங்கியதும் நன்கொடையாளர்களைக் கௌரவிக்க வேண்டும், அவர்கள் கலைஞரைக் கௌரவிக்க வேண்டும். பெரியகருப்பன் பல்லவியை எடுத்தார். ஆத்மநாதன் இன்னொரு மைக்கை எடுத்தார்.

“நீங்க பாட்டுக்குப் பாடுங்கண்ணே. இது தனி மைக்கு.”

ஜெனரேட்டருக்கு டீசல் தந்த வள்ளல் வந்தார். பந்தல்காரர் வந்தார். பாதையை மறித்து நின்ற வெள்ளை ஸ்கூட்டரின் உரிமையாளர் தேடப்பட்டார். பொன்னாடைகள் பெரியகருப்பனின் மூக்குவரை ஏறின. சரணம் அதற்குள்ளேயே அடங்கிப்போனது.

கீபோர்டு வாசிக்கும் ஆவூர் ஜெபக்குமார் எட்டிப் பார்த்தார். “அண்ணே, மூச்சு விட முடியுதா?”

“விட முடியுது. பாடத்தான் முடியல.” அவர் தலைவரிடம் திரும்பினார். “இன்னொருக்கா மொதல்லேருந்து பாடுறேங்க.”

“அதான் பாடியாச்சேண்ணே. கைதட்டு கேக்கலையா?”

“அது டீசலுக்குத் தட்டுனது.”

கீழேயிருந்து ‘பஸ்ஸ விட்டவ’ கேட்டுக் கூச்சல் கிளம்பியது. ஆத்மநாதன் உடனே தன் மைக்கை அணைத்தார். பழசுக்கு அவர் காட்டும் மரியாதை அப்படி.

பெரியகருப்பன் அந்த அணைந்த மைக்கைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பொன்னாடைகளைக் கழற்றி வைத்தார். “தம்பி, பழைய மெட்டையே வாசி.”

“வரிண்ணே?”

“வரிய நான் பாத்துக்கிறேன்.”

*ஏறிப்போன பொற்கொடி இனி எறங்க மாட்டா.*
*ஸ்டாண்டுல நானிருக்கேன், எனக்கு வண்டி வரல.*

பந்தல் எழுந்து ஆடியது. இளவட்டங்கள் விசிலடித்தார்கள். எல்லோரும் பழைய வரிகளையே உரக்கப் பாடினார்கள். ஆத்மநாதன் துண்டைச் சுழற்றிச் சுழற்றி ஆடினார். ஜெபக்குமார் மட்டும் ஓரிடத்தில் தப்பாக வாசித்தார், பக்கத்தில் கிடந்த பொன்னாடையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘ஒன்ஸ் மோர்’ கேட்டார்கள். பெரியகருப்பன் மறுபடியும் பாடினார், முழுசாக.

முடிந்ததும் தலைவர் வியர்வையோடு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

“இதாண்ணே பாட்டு. வார்த்தைக்கு வார்த்தை நெஞ்சுல நிக்கிது. இப்ப வார பாட்டுல என்ன சொல்றாய்ங்கன்னு எவனுக்காவது வெளங்குதா?”

ஆத்மநாதன் ஒரு சேலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேடையோரத்தில் கண்ணை ஓட்டினார்.

“அண்ணிக்குன்னு எடுத்து வச்சேன். இங்கிட்டுத்தானே உக்காந்துருப்பாங்க, ஆளக் காணோமே. என்னண்ணே, மறுபடியும் பஸ்ஸ விட்டுட்டாங்களா?”