தொட்டால்தான் கணக்கு

"பத்தொம்போது," என்றான் முன்வரிசை மொட்டை.

"இருபது," என்றாள் டீச்சர். "மறுபடி எண்ணு."

மறுபடியும் பத்தொம்போதுதான் வந்தது.

இன்னும் சற்று நேரத்தில் மேலதிகாரி வந்துவிடுவார். பத்துக்கு மேல் எண்ணத் தெரியாத பிள்ளைகளுக்குத் தனி மழலை வகுப்பு எதற்கு, தெருமுனைப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. சேர்த்துவிட்டால் பிள்ளைகளுக்கு அங்கே வேறு பெஞ்சு கிடைக்கும். டீச்சருக்கு வேலை போகும். மேலிடத்தில் உட்கார்ந்திருப்பவன் எவனும் நாலு வயதுப் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டிருக்க மாட்டான். அது கிடக்கட்டும்.

எண்ணுவதற்குப் பட்டன் கொடுத்தவர் டீச்சரின் வீட்டுக்காரர், தையல்காரர். பெரிய சிவப்புப் பட்டன்கள், இருபது. முந்தின நாளே எண்ணி டப்பாவில் போட்டுவிட்டார். அந்த மனுஷனிடம் ஆயிரம் குறை உண்டு. எண்ணுவதில் குறை கிடையாது. காலையில் டீச்சர் தலைவாரிக்கொண்டிருந்தபோதே அவளுடைய சட்டைக் கையை ஊசிபோட்டுச் சரிசெய்து, டப்பாவையும் பையில் வைத்து அனுப்பினார். ஆகவே தப்பு பிள்ளைகளிடம்தான்.

"எதுக்கும் நீங்களும் ஒரு தடவ எண்ணிப் பாத்துடுங்களேன் டீச்சர்," என்றாள் ஆயா.

"எனக்கு இருபது வரைக்கும் எண்ணத் தெரியும் ஆயா."

ஆயா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். தெரிந்தவர்களுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்த வகுப்பில் ஒரே ஒரு சட்டம்: தொட்டுத்தான் எண்ண வேண்டும். கண்ணால் எண்ணவிட்டபோது இதுகள் மின்விசிறியையும் பல்லியையும் சேர்த்து எண்ணின. அதிலிருந்து, விரல் படாதது கணக்கில் சேராது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

முதலில் பட்டன்களை வரிசையாக வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கிண்ணம் கொண்டுவந்து, பத்துப் பத்தாகப் போடச் சொன்னாள். முதல் கிண்ணம் நிறைந்தது. இரண்டாவதில் ஒன்பது விழுந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து டீச்சரின் கையைப் பிடிக்க வந்தன. அவள் கையை உதறினாள். இன்றைக்கென்று பார்த்துக் கொஞ்சல் வேண்டியிருக்கிறதா? என்னைப் பார்க்காதே, கிண்ணத்தைப் பார் என்று அதட்டினாள். முட்டைக்கண்ணி என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு வாண்டு மட்டும் விடாமல் பின்னாலேயே வந்தது. அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடைசியில் ஆயா பக்கத்தில் உட்காரவைத்தாள்.

யோசித்ததில் டீச்சருக்கு விஷயம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கியதாகப் பட்டது. கிண்ணம் மாறும் அவசரத்தில் இதுகள் ஒன்றைத் தாண்டிவிடுகின்றன. அதனால் இரண்டாவது கிண்ணத்தின் முதல் பட்டனை இரண்டு தட்டு தட்டச் சொன்னாள். மொட்டை ஒரு தட்டுக்குப் பதினொன்று, மறு தட்டுக்குப் பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே போய் இருபதில் நின்றான். டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மற்ற பிள்ளைகளுக்கும் அதையே பழக்கிவிட்டாள்.

அதிகாரி வந்தார். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பது போன்ற முகம். பட்டன் கணக்கைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, தன் பையிலிருந்து இருபது மரமணிகளை எடுத்து மேஜையில் கொட்டினார்.

மொட்டை கிண்ணத்தில் போட்டான், தட்டினான், எண்ணினான். இருபத்தொன்று. அடுத்த பிள்ளைக்கும் இருபத்தொன்று. வகுப்பு மொத்தத்துக்கும் இருபத்தொன்று.

அதிகாரி சந்தேகப் பிராணி. டீச்சரின் பட்டன்களைத் தானே எண்ணினார். பத்தொன்பது.

"ரெண்டு தட்டு தட்டச் சொல்லி யாரு கத்துக்கொடுத்தா?"

வகுப்பு மொத்தமும் டீச்சரைக் கைகாட்டியது. டீச்சருக்குக் காது மடல்வரை சூடேறியது. வீட்டுக்காரர் எண்ணியது தப்பாகாது என்று ஏதோ சொன்னாள். அது அவள் காதுக்கே நன்றாக இல்லை.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "உங்க வகுப்புல ஒழுங்கா எண்ணத் தெரிஞ்ச புள்ள ஒண்ணு காட்டுங்கம்மா. ஒண்ணு போதும். இல்லன்னா நான் எழுதிட்டுப் போறேன்."

ஆயா முட்டைக்கண்ணியின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள்.

வாண்டு நிதானமாக வந்தது. ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுத் தொட்டு, ஒரு தட்டுக்கு ஒன்றாக, பத்தொன்பது வரை எண்ணியது. எண்ணிவிட்டு, டீச்சர் அசையாமல் நிற்கிறாளா என்று ஒருமுறை பார்த்தது. பிறகு அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டில் தைத்திருந்த பெரிய சிவப்புப் பட்டனில் விரலை வைத்தது.

"இருவது. காலைலேருந்து தொட வரோம், டீச்சர்தான் கைய ஆட்டிக்கிட்டே இருக்காங்க."