முந்தவிடாத ரயில்

“நீங்க மெதுவாப் போற ரயிலுங்க. அத்தை உங்களை முந்தணும்.”

“முந்தட்டுமே. நானா தடுக்கிறேன்?” என்றான் கணவன்.

ஆனால் மாமியார் அவன் தோளுக்கு நேராக வந்ததும் அவன் கால் தானாக எட்டிப் போட்டது. மூன்றாவது தடவையும் இதே கதை. அவள் புத்தகத்தால் தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. நூற்றைம்பது மீட்டர் நீளமுள்ள ரயில் மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதற்கு முன்னால், அதே திசையில், நூறு மீட்டர் ரயில் ஒன்று ஐம்பத்துநான்கில் போகிறது. முழுதாகக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? விடை கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஐம்பது விநாடி. விடை இருந்து என்ன பயன், வழி மண்டையில் ஏற வேண்டுமே. விடிந்தால் தேர்வு. இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் அரசு வேலையை மறந்துவிட வேண்டியதுதான். ஒரு வாரமாகக் காகிதத்தில் போட்ட படம் எதுவும் உதவவில்லை. அதனால்தான் இன்று சாயங்காலம் சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவே உள்ள நடையைத் தண்டவாளம் ஆக்கியிருந்தாள்.

“பின்னாடி ரயில் வர்றது முன்னாடி இருக்கிற டிரைவருக்குத் தெரியாதா? இடிச்சிராது?” என்றான் கணவன்.

“ரெண்டும் வேற வேற தண்டவாளம்.”

“புத்தகத்துல அப்படிப் போடலையே.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“எனக்கு முட்டி வலிக்குதும்மா. வேகமா ஓடுற ரயிலுக்கு இந்த வயசா?” என்றார் மாமியார்.

சக்கரம் வைத்த நாற்காலி வந்தது. மாமியாரை அதில் உட்காரவைத்து அவளே தள்ளினாள். கணவன் திரும்பிப் பார்த்தான்; ஓடவே ஆரம்பித்தான்.

“இது கள்ளாட்டம். அம்மாவுக்கு மட்டும் இன்ஜினா?”

வாசலில் மணி அடித்தது. கீழ்வீட்டுக்காரர்.

“என் தலைக்கு மேல என்னம்மா ஓடுது?”

“ரயில்” என்றார் மாமியார், நாற்காலியில் இருந்தபடியே.

சண்டைக்கு வந்தவர் கணக்கைக் கேட்டதும் உள்ளே வந்துவிட்டார். “ரயில்னா நீளம் வேணுமே. இவர் வெறும் இன்ஜினால்ல இருக்கார்?”

சரி என்று ஒரு போர்வையைக் கணவன் இடுப்பில் கட்டி, பின்னால் நீளமாகத் தரையில் புரளவிட்டாள். நாற்காலியைத் தள்ளினாள். சக்கரம் போர்வையின் வாலில் ஏறியது. இன்ஜின் மட்டும் முன்னே போகப் பார்த்தது. அடுத்த கணம் அவன் குப்புறக் கிடந்தான்.

“ஐயோ, என் இடுப்பு.”

“அசையாதீங்க.” அவள் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. “அப்படியே கிடங்க. இப்ப நீங்க நிக்கிற ரயில். உங்க வேகத்தை அத்தை வேகத்துல கழிச்சாச்சு, அவ்வளவுதான். மிச்சம் பதினெட்டு. அதாவது செகண்டுக்கு அஞ்சு மீட்டர். உங்க வால்லேருந்து தலை வரைக்கும், அத்தையோட நீளமும் சேர்த்துக் கடக்கணும். மொத்தம் இருநூத்தம்பது மீட்டர். அஞ்சால வகுத்தா?”

“அம்பது” என்றார்கள் மாமியாரும் கீழ்வீட்டுக்காரரும் ஒன்றாக.

“அது சரி” என்றது தரையிலிருந்து ஒரு குரல். “நான் ஏன் நின்னேன்? சிக்னல் விழலையா?”

அவள் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

கீழ்வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. “நீ எதுக்கும்மா கவலைப்படுறே? இவ்வளவு தெளிவாச் சொல்றே. நாளைக்குக் கண்ணை மூடிக்கிட்டு பாஸ் பண்ணிடுவே.”

மாமியார் குனிந்து, சக்கரத்தில் சிக்கிய போர்வையை விடுவித்துக்கொண்டே சொன்னார்: “அவ போன வருஷமே பாஸ் பண்ணி வேலைக்குப் போயிட்டிருக்கா சார். நாளைக்குப் பரீட்சை எழுதப்போறது, இதோ கிடக்குதே, இந்த ரயில்தான்.”