காத்துக் கங்காணியின் பெரட்டு

எங்கேயாவது விசில் சத்தம் கேட்டால் மற்றவர்கள் நிற்பார்கள். என் கால்கள் மேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடும். காரணம், காத்துக் கங்காணி. கேமரன் மலையில் மருந்துக்கடைக்காரர்கள் பயப்பட வேண்டிய ஒரே மனிதர்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், விசிலிலிருந்து பெறவில்லை. முன்பு கொழுந்து பறிக்கிறவர்களை விடியலில் பெரட்டு வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டவர், இப்போது நோயாளிகளைக் கூப்பிட்டார். அதுவும் நோயின் பேராலேயே.

"மூட்டுவலி."

"வந்துட்டேன் கங்காணி."

"பிரஷர்."

"மூணு நாளா வரல."

"கொணமாயிட்டானா, படுத்துட்டானா? பாத்துட்டு வாங்கலா."

நான் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. நாற்காலியும் பிஸ்கட்டுமே என் உலகம். எல்லைக்கோட்டில் நின்ற சர்க்கரைக்கு டாக்டரம்மா மூன்று மாதக் கெடு வைத்தார், இறங்காவிட்டால் மாத்திரை. என் அப்பா மாத்திரையில் தொடங்கி ஒரு காலை இழந்தவர். எனக்குத் தூக்கம் போயிற்று.

"மாத்திரை எங்கயும் ஓடிறாது கிராணி. மொதல்ல காத்தக் குடி" என்று கங்காணி என்னை வரிசையில் சேர்த்துக்கொண்டார்.

தேயிலைச் சரிவில் பனி பாலாக வழியும். மேலே பாசிக்காட்டில் மரங்கள் கம்பளி போர்த்தி நிற்கும். அங்கே யாரும் பேசக்கூடாது. "காடு பேசுறப்ப நடுவுல என்னா பேச்சு?" என்று அவர் மட்டும் வழியெல்லாம் பேசுவார். அட்டை கடித்தால், "ரத்த டெஸ்ட்டு, சும்மாவே எடுத்துட்டான்" என்பார்.

நான் ஒரு தப்புச் செய்தேன். நடந்த களைப்புக்கு, தினமும் கியா பார்ம் கடையில் கெட்டிப்பால் ஊற்றிய ஸ்ட்ராபெரி. ஒரு மாதம் கழித்து மோப்பம் பிடித்துவிட்டார். மறுநாள் பெரட்டில், "ஸ்ட்ராபெரி" என்றார். மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது.

"வந்துட்டேன்" என்றேன், தரையைப் பார்த்து. அன்றோடு விட்டேன்.

கெடு முடிந்த நாளில் அவரும் கிளினிக் வந்தார். ஏ.சி. காற்று செத்த காற்று என்று உள்ளே வரவில்லை.

"எறங்கிடுச்சு. மாத்திரை வேணாம்" என்றார் டாக்டரம்மா. "நடையும் காடும் நல்லா வேலை செஞ்சிருக்கு. வாயக் கட்டுனதும்தான். எதையும் விட்றாதீங்க."

தேர்தலில் ஜெயித்தவன்போல் ரத்த டெஸ்ட்டுத் தாளை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். கங்காணி அதைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார்.

"எங்க கங்காணி?"

"நீ போயி சம்சாரத்துகிட்ட சொல்லு. நான் மாரியாயிகிட்ட சொல்லிட்டு வரேன். மூணு மாசமா அவள ஒரு நாளும் சும்மா விடல, உன்னால."