படத்தில் விழுந்த முகம்

வாசலில் நாற்காலியில் உட்காரவைத்த அய்யா மறுபடியும் இடப்பக்கம் சாய்ந்தார்.

"பிடிங்க, பிடிங்க" என்றான் பரமசிவன்.

பக்கத்து வீட்டுக் குருவம்மாள் ஓடிவந்து தோளைத் தாங்கினாள். "உசுரோட இருந்தப்ப யாரு மேலயும் சாஞ்சதில்ல மனுசன்."

பரமசிவனைப் பெற்ற அய்யா சிவனணைந்தபெருமாள் விடியற்காலையில் போய்ச் சேர்ந்திருந்தார். ஆயுசுக்கும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. சுடலைக்குக் கொண்டுபோகுமுன் எடுத்தால்தான் உண்டு என்று, தென்காசியிலிருந்து போட்டோக்கார ஏசுவடியானைப் படப்பெட்டியும் முக்காலியுமாக மேலகரத்துக்கு வரவழைத்திருந்தான் பரமசிவன்.

முகம்தான் இடைஞ்சல். அம்மை தின்ற முகம். ஒரு கண்ணில் பூ வேறு விழுந்திருந்தது. பின்னாளில் தன் மகளைப் பெண் பார்க்க வருகிறவன் கூடத்தில் இதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? தன் கல்யாணத்திலேயே அய்யாவைச் சமையல் பந்தலுக்குள் உட்காரவைத்தவன் பரமசிவன்.

"மொகத்த கொஞ்சம் சரிபண்ண முடியுமாவே?"

"பவுடர் போட்டுப் பாப்பம் அண்ணாச்சி."

போட்டார்கள். பவுடர் குழிகளுக்குள் போய்த் தங்கி, முகம் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்போல் ஆயிற்று.

திண்ணை மூலையிலிருந்து அம்மா ஆவுடைத்தாய் சொன்னாள்: "ஏலே, எனக்கு அவுக மொகம் வேணும். நீ எவனையோல்லா உக்கார வச்சிருக்க."

"நீ சும்மா இரும்மா."

பூ விழுந்த கண்ணை மறைக்க ஏசுவடியான் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மாட்டினான். அய்யா அருவியில் குளிக்க வந்த துரை மாதிரி ஆகிவிட்டார். துக்கத்துக்கு வந்திருந்த இரண்டு பேர் சிரிப்பை அடக்கத் தெருவுக்குப் போனார்கள். கொட்டுக்காரன் எட்டிப் பார்த்து அடியைத் தவறவிட்டான்.

சாயாமலிருக்க வேட்டியால் நாற்காலியோடு கட்டினார்கள், தலை தொங்கியது. தலைப்பாகை கட்டிப் பின்னால் இழுத்தார்கள், வாய் திறந்துகொண்டது.

"இப்ப என்னமோ கேக்க வாறாப்ல இருக்கு" என்றாள் குருவம்மாள்.

அதற்குள் சாரல் இறங்கி, பவுடர் கரைந்து சட்டையில் வடிந்தது. ஆவுடைத்தாய் எழுந்து வந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, தாடையை மெல்லத் தூக்கி மூடினாள்.

"போதும். தீ வைக்கப்போற மொகத்துக்கு எதுக்குலே வேசம்?"

ஏசுவடியான் தலையைச் சொறிந்தான். "ஒண்ணு செய்வம் அண்ணாச்சி. குடும்பத்தோட எடுத்திருவம். சுத்தி அழகழகா மொகம் நின்னா, பாக்குறவன் கண்ணு அங்கன போயிரும்."

பரமசிவனுக்கு அது பிடித்துப்போயிற்று. கிராப்பைச் சீவி, சரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டான். மைத்துனமார்களில் வெளுத்தவர்களாகப் பார்த்து முன்னால் நிறுத்தினான். அம்மாவைப் பின்னால் தள்ளினான்.

"வெளிச்சம் கம்மி. நான் சொல்லுத வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது" என்று பெட்டியின் மூடியைக் கழற்றினான் ஏசுவடியான்.

அந்த நேரம் பார்த்துப் பரமசிவன் பெண்டாட்டிக்குத் தும்மல் வந்தது. மைத்துனன் ஒருவன் கொசுவை ஊதினான். பரமசிவன், சரிகை வெளியே தெரிகிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான். ஆவுடைத்தாய் அழுது குலுங்கினாள்.

கருமாதி கழிந்து படம் வந்தது. பரமசிவன் உறையைப் பிரித்தான். அவன் நின்ற இடத்தில் சரிகைக்கு மேலே ஒரு புகை. பெண்டாட்டி புகை. மைத்துனமார் புகை. அம்மாவும் புகை. நடுவில் அய்யா மட்டும், ஒரு தழும்பு குறையாமல், பளிச்சென்று உட்கார்ந்திருந்தார்.

"எம் மொகம் எங்கவே?"

"அசஞ்ச மொகம் விழாது அண்ணாச்சி."

"வேற எடும்."

"எடுத்திரலாம். அய்யாவ வரச் சொல்லுங்க."

படத்தைப் பரணில் போட ஏணியைத் தேடினான் பரமசிவன். அவன் திரும்பி வருவதற்குள் ஆவுடைத்தாய் கூடத்தில் ஆணியடித்து அதை மாட்டிவிட்டிருந்தாள்.

"ஊரு சிரிக்கும்மா. மத்த ஒருத்தருக்கும் மொகம் இல்ல."

"எனக்கு வேண்டிய மொகம் இருக்குலே."

மோர் வாங்க வந்த குருவம்மாள் கிட்டே போய் நின்று, படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு தம்பி? ஊருல வாந்திபேதி வந்த வருசமும் இதே படந்தான். எங்க வீட்டுப் பொணம் வாசல்ல கெடக்கையில தெருவே ஓடிச்சு. நின்னது இவுக மட்டுந்தான்."