தங்கப்பழத்தின் ரகசியச் சொல்

ஒரு காட்டில், எல்லா மிருகமும் வருடா வருடம் தன் இருப்பிடத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. படிவம் ஒன்று, போட்டோ ஒன்று, போன வருடம் கொடுத்த ரகசியச் சொல் ஒன்று. சொல்லை மூன்று தடவை தப்பாகச் சொன்னால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

தங்கப்பழம் என்ற குரங்கு மனைவி செந்தூரக்கனியோடும் மூன்று குட்டிகளோடும் ஓர் அத்திமரத்தில் குடியிருந்தது. மரத்துக்குக் கெடு முடிகிற அன்று, மனைவியோடு வரிசையில் நின்று கவுண்டருக்கு வந்ததும், தங்கப்பழத்துக்குச் சொல் மறந்துபோனது.

ஞாபகசக்தி இல்லாத குரங்கு என்று நினைத்துவிடாதீர்கள். நாலு வருடத்துக்கு முன் எந்தக் கிளையில் பாம்பு சுருண்டிருந்தது என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். மச்சினன் கல்யாணத்தில் தனக்கு மட்டும் அழுகல் மாம்பழம் வைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம், தானே சொல்லும். பரம்பரைக் கோளாறு அது. பாம்பை மறந்த பாட்டன்மார் பேரன் பேத்தி எடுக்கவில்லை. பழத்தைப் பிடுங்கித் தின்றவனை மறந்தவர்கள் பட்டினியில் போய்ச் சேர்ந்தார்கள். ரகசியச் சொல்லை மறந்து செத்த பாட்டன் மட்டும் ஒருவரும் இல்லை. இதை எழுதுகிறவனுக்கும் அதே மண்டைதான். மூக்குக்கண்ணாடி வைத்த இடம் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் தன்னைப் பார்த்துச் சிரித்தவனின் இனிஷியல் தெரியும்.

"அத்திப்பழம்," என்றது தங்கப்பழம்.

"இல்லை. இன்னும் ரெண்டு," என்றது கவுண்டரில் இருந்த ஆமை, தலையை வெளியே நீட்டாமலே.

மனைவி முறைத்த முறைப்பில் அவசரமாக, "செந்தூரக்கனி," என்றது.

"இல்லை. இன்னும் ஒண்ணு."

"எம் பேரை வைக்கலியா?" என்றது மனைவி.

"அதப் பெறகு பேசுவோம் தாயி." குட்டிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தங்கப்பழம் சுற்றியிருந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது.

செந்தூரக்கனிக்குப் புருஷனின் மண்டை தெரியும். "அந்தச் சொல்லை விடுங்க. போன வருசம் இங்க நின்னப்ப உங்கள யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொன்னான்ல, அந்த முள்ளம்பன்றி. இந்த மூஞ்சிக்குப் போட்டோ ஒரு கேடான்னு கேட்டான். செவ்வாக்கிழமை. லேசாத் தூறல். கையில பாதிக் கொய்யா வச்சிருந்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாயத் தொறக்கல. முள்ளுக்குப் பயந்து பேசாம இங்க வந்து..." என்று இழுத்த தங்கப்பழம் சட்டென்று ஆமையிடம் குனிந்து, "முள்ளம்பன்றி நாசமாப் போக," என்றது.

"சரி," என்று ஆமை முத்திரை குத்தியது. "பழசு இனி செல்லாது. அடுத்த வருசத்துக்குப் புதுச் சொல் கொடுங்க."

தங்கப்பழம் திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்றவை மானும் முயலும். திட்டத் தெரியாத ஜென்மங்கள்.

"செந்தூரம், நீயாச்சும் என்னைய ஏதாச்சும் சொல்லு. இல்லேன்னா மறந்துரும், மரம் போயிரும்."

செந்தூரக்கனி வேண்டாம் என்றது. புருஷன் கெஞ்சியது. பதினோரு வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததில் சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காதோடு காதாகச் சொன்னது.

அடுத்த வருடம், ஆமை கேட்பதற்கு முன்பே தங்கப்பழம் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டது. மரம் கிடைத்தது. தங்கப்பழம் உச்சிக் கிளையிலும் செந்தூரக்கனி அடிக்கிளையிலுமாக இருக்கின்றன. பேச்சுவார்த்தை இல்லை.

நீதி: ஆபீசுக்குப் போகும்போது போட்டோவை மறந்தாலும் வேண்டாதவர் ஒருவரை மறக்காமல் கூட்டிப் போங்கள். வேண்டியவர் திட்டினால் மரம் தங்கும், வீடு தங்காது.