காஜா பாய்க்கு எந்தச் சர்க்கரை?

காஜா பாய்க்குச் சர்க்கரை வியாதி இருக்கிறதா இல்லையா என்று கம்ப்யூட்டருக்கே தெரியவில்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் புள்ளி ஒன்றை வைத்துவிட்டு, பொறுப்பை ஜெயகிருஷ்ணன் தலையில் கட்டிவிட்டது.

தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் பிரிவில் ஜெயகிருஷ்ணனுக்கு வேலை. யார் யாருக்குச் சர்க்கரை என்று கம்ப்யூட்டரே அலசிப் பிரித்துவிடும். அது சந்தேகப்படும் ஆட்களுக்கு இவர் போன் போட்டு, முதல் வகையா, இரண்டாம் வகையா, கர்ப்ப காலத்தில் வந்ததா, அல்லது வியாதியே இல்லையா என்று கேட்டுப் பதிய வேண்டும். காஜா பாய் பெயரில் போன வாரம் சர்க்கரை மாத்திரை வாங்கிய பில் இருந்தது. ரத்தப் பரிசோதனை ஒன்றுகூட இல்லை.

"பாய், உங்களுக்கு சுகர் இருக்குங்களா?"

"கீதுன்னே வெச்சிக்கோங்க சார்."

"மாத்திரையா, ஊசியா?"

"ஊசி போட்டாங்க சார்."

வெறும் ஊசி என்றால் முதல் வகையாகத்தான் இருக்கும் என்று ஜெயகிருஷ்ணன் பதிந்தார். மறுநாள் மஞ்சள் புள்ளி சிவப்பாகியிருந்தது. பெரும்பாலும் சின்ன வயதில் வருகிற வியாதி, ஐம்பதைத் தாண்டியவருக்குப் போன வாரம் எப்படி வந்தது என்று கம்ப்யூட்டர் கேட்டது. கேட்டதோடு நிற்காமல், சர்க்கரை உள்ள குழந்தைகளுக்கான ஓவியப் போட்டியில் கலந்துகொள்ளும்படி காஜா பாய்க்கு மெசேஜும் அனுப்பிவிட்டது.

"அந்த ஊசி வேற சார்," என்றார் காஜா பாய் போனில். "ஒர்க் ஷாப்புல கம்பி குத்திகிச்சு, அதுக்குப் போட்டது. அத்த வுடுங்க. சாப்ட்டீங்களா?"

ஜெயகிருஷ்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"தயிர் சாதம்."

"வெறும் தயிர் சாதமா? தொட்டுக்க?"

"ஊறுகாய் தீந்துடுச்சு பாய்."

செம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த பிளாட்டில் ஜெயகிருஷ்ணன் தனி ஆள். கல்யாணம் தட்டிக்கொண்டே போய், கடைசியில் அந்தப் பேச்சே நின்றுபோனது. அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸில் "வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், அடுத்த வார்த்தை திங்கட்கிழமை காலைதான் வாயிலிருந்து வரும். அதுவும் முதலில் வெறும் காற்றாக வரும். செருமிவிட்டு மறுபடி சொல்ல வேண்டும்.

"அப்போ எந்த வகைன்னு போட பாய்?"

"இன்னா இன்னா வகை கீது? ஒரு தபா சொல்லுங்க."

சொன்னார்.

"அந்த மூணாவதே போட்டுக்கோங்க சார்."

தொட்டுக்கொள்ள ஏதாவது வாங்கலாமா என்ற யோசனையிலேயே இருந்த ஜெயகிருஷ்ணன், மூன்றாவதைப் போட்டுவிட்டார்.

மறுநாள் பிரிவுத் தலைவி ஜோசலின் மேடம் கூப்பிட்டார்.

"காஜாங்கறவருக்கு சிஸ்டம் டெலிவரி டேட் குடுத்திருக்கு. ஸ்கேனுக்கு வரச் சொல்லி மெசேஜும் போயிருக்கு. ஆம்பளைதானே அவரு?"

"ஒர்க் ஷாப் வெச்சிருக்கார் மேடம்."

"கேட்டதுக்கு பதில் சொல்லுங்க!"

பிரசவம் முடிந்தது என்று போட்டால் அந்தப் பக்கம் மூடிக்கொள்ளும் என்று பக்கத்து மேஜை கிருபா சொன்னான். போட்டார். மூடிக்கொண்டது. குழந்தைக்கான தடுப்பூசி அட்டவணை காஜா பாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

"சார்," என்றது காஜா பாயின் குரல், "புள்ளைக்கு இன்னா பேர் வெக்கலாம்?"

ஜெயகிருஷ்ணன் சிரித்துவிட்டார். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. தன் சிரிப்பு இப்படி இருக்கும் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது.

அதன் பிறகு தினமும் போன். ஒரு நாள் காஜா பாய் கஷாயம் குடிப்பதாகச் சொன்னார், மறுநாள் நாட்டு மருந்து என்றார், அதற்கடுத்த நாள் மறந்துபோச்சு என்றார். ஒவ்வொன்றையும் பதியப் பதிய, காஜா பாயின் பக்கம் அம்மை கண்டதுபோல் சிவந்தது. ஆஸ்பத்திரிக்காரனை இப்படிப் பிடித்து வைத்துக்கொண்டு பேசுகிறவருக்கு வீட்டில் நாதியே இருக்காது என்று ஜெயகிருஷ்ணனுக்குத் தோன்றியது. பாவம், தனிமை எப்படியிருக்கும் என்று தனக்குத் தெரியாதா?

"இந்த வாரத்தோட முடிங்க," என்றார் ஜோசலின் மேடம். "இல்லன்னா இதை கிருபாகிட்ட குடுத்துடுவேன்."

முடித்துவிட்டால் திங்கட்கிழமை யாருக்குப் போன் போடுவது? ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை, மருந்துச் சீட்டை நேரில் பார்த்துவிடலாம் என்று, எந்த வகைக்கும் ஒத்துக்கொள்ளும் கொய்யாப்பழமாகப் பார்த்து வாங்கிக்கொண்டு, ரெக்கார்டில் இருந்த முகவரியைப் பார்த்து முடிச்சூருக்குப் பஸ் ஏறினார். தனியாகக் கிடக்கிற மனுஷன், ஒருத்தர் வந்தால் சந்தோஷப்படுவார்.

அந்த முகவரியின் வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்புகள். உள்ளே பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பப் போனவரை, முக்காட்டைச் சரிசெய்தபடி ஓர் அம்மாள் தடுத்தார்.

"ஆஸ்பத்திரி சார்தானே? கொய்யாப்பழத்தப் பார்த்தே கண்டுபிடிச்சிட்டேன். நான் ஷரீஃபா, அவரு வூட்டுக்காரி. கறி வாங்கப் போயிருக்காரு, வந்துடுவாரு. உக்காருங்க."

"இவ்ளோ பேரா? அவரு தனியா இருக்கார்னுல்ல..." ஜெயகிருஷ்ணனுக்குக் குரல் காற்றாக வந்தது. செருமினார். "அவருக்கு சுகர் எந்த வகைன்னு பார்த்துட்டுப் போகலாம்னுதான்."

"சுகரு எனக்கு சார். மாத்திரை வாங்கப் போறது அவரு, அதான் பில்லு அவர் பேர்ல."

"அதை மொத நாளே சொல்லியிருக்கலாமே!"

"நானும் அதான் சொன்னேன் சார். அவருதான், 'அந்த சாருக்குப் பேச ஆளில்ல போலகீது, ஒழுங்கா பதில் சொல்லிட்டா நாளைக்குப் போன் போட மாட்டாரு'ன்னு தெனம் ஒரு வியாதிய யோசிச்சிகினு இருந்தாரு."